தாழ்ந்துவரும் அரண்: மலைச் சீதோஷ்ணமும் தொற்றுநோய்களும்

(லவ்டேலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மறைந்த பெரியவர் ஒருவரின் நினைவைக் கல்லிலும் செம்பிலும் பொறிப்பதோடு அமைந்துவிடாமல், ஆண்டுதோறும் பொது நன்மைக்குரிய விஷயம் ஒன்றை ஊரார் ஒருங்கே அமர்ந்து ஆலோசிக்க வேண்டும் என்று கருதி, அதற்கென ஒரு நிதியை ஒதுக்கி வைத்து இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரின் உள்ளம் போற்றுதற்குரியது. பொதுச் சுகாதாரத் துறையில் நெடுங்காலம் ஊழியம் செய்தவன் என்னும் ஒன்றையே தகுதியாகக் கொண்டு என்னை இங்கே பேச அழைத்திருக்கிறார்கள். பூமியின் உஷ்ணம் உயர்ந்துவருவதால் தொற்றுநோய்களின் போக்கு எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்தால் நம் நீலகிரிக்கு விளையக்கூடியது யாது, அதை முன்னிட்டு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்னும் மூன்றையும் இயன்ற அளவு தெளிவாக எடுத்துரைப்பதே இன்று என் நோக்கம்.

உயரத்தை நம்பிய ஊர்

நாம் கூடியிருக்கும் இந்த லவ்டேல், உயரமே ஆரோக்கியம் என்னும் நம்பிக்கையிலிருந்து பிறந்த ஊர். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் இம்மலைமீது ஏறி வந்து, சமவெளியின் ஜுரங்களால் நலிந்த உடல்களுக்கு இதன் குளிர்ந்த காற்றே மருந்தாகும் என்று அரசாங்கத்தாருக்கு இடைவிடாது எடுத்துரைத்த நாள் முதலாக, நீலகிரியின் சரித்திரம் ஒருவகையில் நோயினின்று தப்பி வந்தவர்களின் சரித்திரமாகவே வளர்ந்தது. வெலிங்டனில் படைவீடுகள் எழுந்ததும் அக்கருத்தினால்தான். ஹென்றி லாரன்ஸின் நினைவாக 1858-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் இந்த லவ்டேலுக்கு வந்து சேர்ந்த லாரன்ஸ் பள்ளியும், வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளைச் சமவெளியின் சீதோஷ்ணத்தினின்று விலக்கி வளர்க்க வேண்டும் என்னும் எண்ணத்தில் உருவானதுதான். ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட இவ்வுயரத்தில் முறைக்காய்ச்சலாகிய மலேரியா வந்து அணுகாது என்று அக்காலத்தார் நம்பினர். அந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் அனுபவமும் மெய்ப்பித்தது.

ஆனால், அரணுக்குள் இருந்தவர்களை மட்டும் பேசிவிட்டு, அரணுக்கு வெளியே விடப்பட்டவர்களைப் பேசாதிருப்பது நியாயமாகாது. மேலே உதகையில் துரைமார்கள் உடல் தேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கீழே கூடலூரிலும் பந்தலூரிலும் தேவாலாவிலும் பணியரும் காட்டு நாயக்கரும் பெட்டக் குரும்பரும் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்தார்கள். சாலை போடவும் காடு திருத்தவும் சமவெளியிலிருந்து வந்த கூலிகள் அந்த ஜுரத்துக்குப் பலியானார்கள். 1880-களில் பொன் கிடைக்கும் என்று வயநாட்டுச் சரிவில் வந்து குவிந்த கம்பெனிகளையும் அந்த ஜுரம் வாட்டி எடுத்தது. ஆகவே, நீலகிரியின் ஆரோக்கியம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, உண்மையில் நீலகிரியின் உச்சிப் பகுதியின் ஆரோக்கியமே ஆகும்.

அந்த ஜுரத்தோடு போராடிய வரலாற்றிலும் இம்மலைக்குப் பங்கு உண்டு. உதகைத் தாவரவியல் பூங்காவை அமைத்த வில்லியம் மக்கைவர், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து கிளெமெண்ட்ஸ் மார்க்கம் முயன்று கொண்டுவந்த, பட்டையில் கொயினா மருந்து தரும் சின்கோனா மரங்களை 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். மரத்தை வெட்டி வீழ்த்தாமல், பட்டையை நாடாவாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்திப் புதுப்பட்டை வளரச் செய்யும் முறையை அவர் கண்டார். நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் உழைத்தார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. நாட்டின் பல மூலைகளுக்கும் சென்ற கொயினாவில் பெயரறியாத அவர்களுடைய வியர்வையும் கலந்திருந்தது. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு உலகப் புகழ் எய்திய ரொனால்டு ராஸ், அதற்கு முன்னர் இவ்வுதகைக்கு வந்து, சீகூர்ச் சரிவில் ஜுரத்தின் காரணத்தைத் தேடுகையில் தாமே அந்த ஜுரத்துக்கு ஆளானவர். உச்சியில் இல்லாத நோய் சில மைல் கீழே சரிவில் இருந்தது. அவ்விரண்டுக்கும் இடையே நின்ற எல்லைக்கோடுதான் இன்றைய என் பொருளின் மையம்.

ஒரு கொசுவின் ஆயுளும் இரண்டு டிகிரியும்

அந்த எல்லைக்கோட்டை வரைந்தது யார் என்று கேட்டால், வெப்பமானி என்றே விடை சொல்ல வேண்டும். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த மாத்திரத்தில் அனாபிலிஸ் கொசு பிறருக்கு நோயைத் தந்துவிடுவதில்லை. உள்ளே சென்ற கிருமி அதன் வயிற்றில் வளர்ந்து பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பின்னரே அக்கொசுவின் கடி அபாயமானதாகிறது. கொசுவுக்கென்று சொந்தமான உடற்சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்றின் சூடே அதன் சூடு. ஆதலால் கிருமியின் வளர்ச்சி முழுவதும் காற்றின் உஷ்ணத்துக்குக் கட்டுப்பட்டது.

நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு ஒன்று உண்டு. ஃபால்சிபாரம் என்னும் கொடிய மலேரியாக் கிருமி, 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளர்வதே இல்லை. அதற்கு மேல் எத்தனை டிகிரி உயர்கிறதோ, அந்த எண்ணால் 111-ஐ வகுத்தால் கிடைப்பதே அது முதிர்வதற்கு வேண்டிய நாள்களின் தொகை. சராசரி உஷ்ணம் 18 டிகிரியாக இருக்கும் ஓர் ஊரில் அதற்கு ஐம்பத்தைந்து நாள் வேண்டும்; 20 டிகிரியானால் இருபத்தெட்டு நாள் போதும்; 22 டிகிரியானால் பத்தொன்பது நாளுக்குள் முடிந்துவிடும். கொசு ஒன்று ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடிருப்பது அரிது. ஆகவே 18 டிகிரியில் கிருமி முதிர்வதற்கு முன்னரே கொசு மடிந்துபோகிறது. 20 டிகிரியில் ஒரு சில கொசுக்கள் பிழைத்திருந்து நோயைக் கடத்துகின்றன. 22 டிகிரியில் பல கொசுக்கள் கடத்துகின்றன. இரண்டே டிகிரி ஏறும்போது காத்திருக்கும் காலம் பாதியாகிவிடுகிறது என்பதை, மாணவர்களே, நீங்கள் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். வைவாக்ஸ் என்னும் மற்றொரு வகைக் கிருமியோ, இன்னும் குளிர்ந்த இடத்திலும் வளரவல்லது. பகலும் இரவும் உஷ்ணம் மாறி மாறி வரும் மலைநாடுகளில், சராசரியை மட்டும் நம்பிப் போடும் இக்கணக்கு அபாயத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்றும் பிற்கால ஆராய்ச்சிகள் எச்சரிக்கின்றன. அடுப்பெரியும் சிறு வீட்டுக்குள் சுவரில் ஒட்டியிருக்கும் கொசு, வெளிக்காற்றைவிடச் சூடான காற்றிலேயே வாழ்கிறது.

இனி உயரத்தின் கணக்கைப் பார்ப்போம். மலைமேல் ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறத்தாழ ஆறு ஆறரை டிகிரி குறைகிறது. ஆகவே உலகின் உஷ்ணம் ஒரு டிகிரி உயர்வது, மலைவாசிகள் அனைவரும் ஏறக்குறைய 150 மீட்டர் கீழே குடியிறங்கியதற்குச் சமம். நம் பாரத தேசத்தின் சராசரி உஷ்ணம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீடு கூறுகிறது. லவ்டேலுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள உயர வேற்றுமை கிட்டத்தட்ட 350 மீட்டர். அது இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகம். உலகம் இன்னும் இரண்டு டிகிரி சூடேறுமானால், லவ்டேல் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு குன்னூரின் சீதோஷ்ணத்தை அடைந்துவிடும். குன்னூரும் அவ்வாறே தனக்குக் கீழுள்ள சரிவின் சீதோஷ்ணத்தை அடையும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் உதகையில் உஷ்ணம் 29 டிகிரியைத் தொட்டபோது, கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறி தேடியவர்கள் இதை உடம்பினாலேயே உணர்ந்திருப்பார்கள்.

நாளைக்கே லவ்டேலில் மலேரியா வந்துவிடும் என்று உங்களை அச்சுறுத்துவது என் கருத்தன்று. ஆண்டுச் சராசரி 15 டிகிரியை ஒட்டியிருக்கும் இவ்வுச்சி, அந்நோய்க்கு இன்னும் எட்டாத இடமே. என் கவலையெல்லாம் ஆயிரம் மீட்டருக்கும் ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கும் இடைப்பட்ட சரிவுகளைப் பற்றியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளும், ஆதிவாசிக் குடியிருப்புகளும் அங்கேதான் நிறைந்திருக்கின்றன. மெல்ல ஓடும் மலை ஓடைகளில் முட்டையிடும் அனாபிலிஸ் ஃபுளுவியாடிலிஸ் என்னும் கொசு, நீலகிரி–வயநாட்டு அடிவாரங்களுக்குப் புதியதும் அன்று. அது பழைய குடிவாசி.

கெரிச்சோத் தோட்டத்துப் பேரேடுகள்

உஷ்ணம் உயர்ந்தால் நோய் உயரும் என்பது இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடும் விஷயமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். அக்கேள்வியை உலக விஞ்ஞானிகள் ஒரு தேயிலை மலையை வைத்தே பல ஆண்டு விவாதித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், கெரிச்சோ என்னும் மலைப்பிரதேசம் உண்டு. நம் கோத்தகிரியைப் போன்ற உயரம், நம்முடையவை போன்ற தேயிலைத் தோட்டங்கள், நம்முடையவர்களைப் போன்றே பச்சைக் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள். அத்தோட்டங்களின் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாக நோயாளிகளின் கணக்கைப் பேரேடுகளில் தவறாமல் எழுதி வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மலேரியா பெருகியதை அப்பேரேடுகள் காட்டின.

அதற்குச் சீதோஷ்ண மாறுதல் காரணமன்று, மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமற் போனது முதலியவையே காரணம் என்று ஒரு சாரார் 2002-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ ஏட்டில் எழுதினர். 2006-இல் வேறொரு குழுவினர், அப்பிரதேசத்தின் உஷ்ணம் அரை நூற்றாண்டில் சுமார் அரை டிகிரி உயர்ந்திருப்பதையும், அவ்வற்ப உயர்வும் கொசுவின் பெருக்கத்தைப் பன்மடங்கு தூண்டவல்லது என்பதையும் கணக்கிட்டுக் காட்டினர். 2014-இல் எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் நடந்த ஆராய்ச்சி, உஷ்ணம் மிகுந்த ஆண்டுகளில் மலேரியா மலைமேல் உயரமாக ஏறுகிறது என்றும், குளிர்ந்த ஆண்டுகளில் கீழே இறங்குகிறது என்றும் நிறுவியது. இவ்விவாதத்தின் முடிவாக நான் எடுத்துக்கொள்வது இதுதான்: உஷ்ணம் கதவைத் திறந்து வைக்கிறது, உள்ளே வரும் நோயை வளர விடுவதும் தடுத்து நிறுத்துவதும் மனிதருடைய ஏற்பாடு.

இதற்கு நம் தேசத்தின் சரித்திரமே சான்று. 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் அந்நோயால் வருந்தியதாக மதிப்பிட்டனர். 1965-இல் அது ஒரு லட்சமாகக் குறைந்தது. வெற்றி கைகூடிவிட்டது என்று கண்காணிப்புத் தளர்ந்தது, கொசுக்கள் டி.டி.டி. மருந்தைத் தாங்கப் பழகின. 1976-இல் அறுபத்து நான்கு லட்சம் பேருக்கு நோய் கண்டது. அந்தப் பதினோராண்டில் வானம் மாறவில்லை. நம் கவனம் மாறியது. மீண்டும் கவனம் செலுத்தியதன் பயனாகவே, உலகில் மலேரியா மிகுந்த தேசங்களின் தனிப் பட்டியலிலிருந்து 2024-ஆம் ஆண்டில் இந்தியா விடுபட்டது. ஊழியத்தால் வெல்லக்கூடிய பகையிடம் விதியென்று அடங்கிப்போவது தகாது.

மலையேறும் பிற நோய்கள்

மலேரியாவைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், அதன் கணக்கு நமக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதே. டெங்குவின் கணக்கும் அதை ஒத்ததுதான்: கொசுவின் உடலில் அதன் வைரஸ் முதிர்வதற்கு 25 டிகிரியில் ஏறத்தாழ பதினைந்து நாளும், 30 டிகிரியில் ஆறு ஏழு நாளும் ஆகின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி, வீட்டை ஒட்டி வாழும் கொசு. கோடையில் குழாயில் தண்ணீர் வாராத வாரங்களில், குன்னூர்ச் சரிவின் வீடுகளில் வாசல்தோறும் நீல டிரம்மும் பிளாஸ்டிக் குடமும் வரிசையாக நிற்கின்றன. மூடியில்லாத அந்த டிரம்மின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்புள்ளிகளாக முட்டைகள் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்தவுடன் பொரியும். ஆகவே டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மழை மிகுந்தால்தான் கொசு மிகும் என்பர் பலர். வறட்சியும் சேமித்த நீரின் வழியாகக் கொசுவை வளர்க்கிறது என்பதை அந்த டிரம் காட்டுகிறது.

அதன் இனமான ஏடிஸ் அல்போபிக்டஸோ, குளிரைத் தாங்கித் தோட்டங்களின் நிழலில் வாழவல்லது. 2005–06-இல் இந்துமகா சமுத்திரத்து ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா வைரஸ் அக்கொசுவுக்கு ஏற்றபடி ஒரு சிறு மாறுதலை அடைந்தது. அம்மாறுதல் பெற்ற வைரஸ் 2007-இல் கேரளத்தில் பரவியபோது, ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தேங்கிய மழைநீரே அக்கொசுவுக்குத் தொட்டிலாயிற்று. தோட்டப் பயிரும் கொசுவும் கிருமியும் ஒருங்கு சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அண்டை மாநிலத்து அனுபவமே நமக்குப் போதும்.

காட்டோரத்து அபாயம் வேறொன்று. 1957-இல் கர்நாடகத்தின் க்யாசனூர்க் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல், நீண்ட காலம் அப்பகுதியோடு நின்றிருந்து, 2012–13-இல் நம் முதுமலையை ஒட்டிய பந்திப்பூரிலும், அதன்பின் வயநாட்டிலும் தலைகாட்டியது. உண்ணிக் கடியால் பரவும் அந்நோய் வறண்ட மாதங்களில்தான் மிகுகிறது. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் செல்லும் ஏழைகளையே முதலில் தாக்குகிறது. காடு துண்டுபடுவது எவ்வளவு காரணம், மழையின் கிரமம் பிறழ்வது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்லுதல் எளிதன்று; இரண்டும் ஒரே காட்டில் ஒரே காலத்தில் நிகழ்கின்றன.

நீரால் வரும் நோய்களையும் விட்டுவிடலாகாது. 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் மண் சரிந்து இம்மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சூடேறிய காற்று மிகுதியான நீராவியைச் சுமப்பதால், இத்தகைய பெருமழை மேன்மேலும் வரக்கூடும் என்கின்றனர் வானிலை அறிஞர். மலைச்சரிவில் மேல் வீட்டின் கழிவுக்குழி கீழ் வீட்டின் ஊற்றுக்கண்ணுக்கு நேர் மேலே அமைந்திருக்கும் ஊர்களில், அத்தகைய மழை ஒன்று போதும், டைஃபாய்டும் மஞ்சட்காமாலையும் வீடு வீடாகப் புகுவதற்கு. சாலை அறுந்துபோன அந்நாள்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய துன்பமும் அதனோடு சேர்கிறது.

நாம் செய்யத் தக்கவை

நோயினின்று தப்பி வந்தவர்களுக்குப் புகலிடமாக மட்டும் இம்மலை இருந்துவிடவில்லை. நோயை ஆராய்ந்து வென்ற தலமாகவும் இருந்திருக்கிறது. சின்கோனாவை முன்பே சொன்னேன். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யும் பாஸ்டர் நிலையம் 1907-இல் குன்னூரில் தொடங்கிற்று. ராபர்ட் மக்காரிசன் அங்கே தொடங்கிய உணவாராய்ச்சியே வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. அத்தகைய மரபுடைய நாம் இப்போது மேற்கொள்ள வேண்டிய காரியம் பெரும் பொருட்செலவுடையதன்று. பொறுமையும் ஒழுங்கும் மட்டுமே அதற்கு வேண்டும்.

பர்லியாரிலிருந்து குன்னூர், கேத்தி, லவ்டேல் வரையிலும், மறுபுறம் கூடலூரிலிருந்து நடுவட்டம் வரையிலும், சரிவின் ஒவ்வொரு படியிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் தோட்ட மருந்தகமும் ஒரே மாதிரியான காய்ச்சல் பேரேட்டை எழுத வேண்டும். நோயாளியின் வயதும் குடியிருப்பும் மட்டுமன்றி, அவ்விடத்தின் உயரமும், அவர் அண்மையில் சமவெளிக்குச் சென்று திரும்பினாரா என்பதும் அதில் பதிவாக வேண்டும். இக்கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. மேட்டுப்பாளையம் சென்று வந்தவருக்குக் கண்ட டெங்கு ஒரு செய்தி. மலையை விட்டு இறங்காத பாட்டிக்குக் கண்ட டெங்கு ஓர் எச்சரிக்கை. முன்னது நோய் வந்து போவதைக் காட்டும். பின்னது நோய் இங்கேயே வேரூன்றுவதைக் காட்டும். 2004 முதல் தேசமெங்கும் நடந்துவரும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்பில் உயரத்துக்கென ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்வது நம் மலை மாவட்டத்துக்கு மிக அவசியம்.

அதோடு, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கியதன் பயனாக, எத்தனையோ தோட்ட மருந்தகங்களில் எழுதப்பட்ட பழைய பேரேடுகளைத் தேடிக் காக்க வேண்டும். தோட்டங்கள் கை மாறும்போதும் மருந்தகங்கள் மூடப்படும்போதும் அவை கறையானுக்கும் பழைய காகிதக் கடைக்கும் போய்விடுகின்றன. கெரிச்சோவின் பேரேடுகள் உலகத்துக்குப் பாடம் கற்பித்தன. நம்முடையவை நமக்கேனும் கற்பிக்கட்டும்.

காட்டுக்குள் குரங்கு செத்துக் கிடப்பதை முதலில் காண்பவர் வைத்தியர் அல்லர். தேனெடுக்கப் போகும் குரும்பரும் காட்டு நாயக்கருமே ஆவர். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசிப் பெண்களையே தாதியராகவும் கிராம சுகாதார ஊழியராகவும் பயிற்றி, இம்மக்களின் அறிவையும் மருத்துவத்தின் அறிவையும் இணைக்க முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. அந்த வழியை அரசாங்கமும் அகலமாக்க வேண்டும். ஊற்றுக்கண்களைச் சுற்றிக் கழிவுக்குழி தோண்டாமல் காப்பதும், லயன் வீடுகளுக்கு வடிகாலும் மூடிய தண்ணீர்த் தொட்டியும் அமைப்பதும் எந்தத் தடுப்பு மருந்துக்கும் குறைந்தவையல்ல. இந்தியாவிலேயே முன்னோடியாக 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அச்சட்டத்தின் உணர்வு ஒவ்வொரு லயன் வாசலையும் எட்ட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியையும், நிழலில் ஒரு வெப்பமானியையும் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வாருங்கள். நீங்கள் எழுதத் தொடங்கும் குறிப்பேட்டை உங்களுக்குப் பின் வருவோர் தொடரட்டும். காய்ச்சல் பேரேட்டையும் உங்கள் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஒரு வைத்தியருக்கு, நோய் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்பது அது பரவுவதற்கு முன்னரே புலப்படும்.

இருநூறு ஆண்டுகளாக இம்மலையில் ஆரோக்கியம் என்பது உயரத்தில் இடம் பிடிக்க முடிந்தவர்களின் பாக்கியமாக இருந்தது. உயரம் தந்த அந்த அரண் இப்போது தாழ்ந்து வருகிறது. அதற்கு ஈடாக நாம் எழுப்பவிருக்கும் அரண் மனிதருடைய கவனத்தாலும் நீதியாலும் ஆனதாக இருக்க வேண்டும். உச்சியிலிருப்பவரையும் சரிவிலிருப்பவரையும் அடிவாரத்திலிருப்பவரையும் அது ஒன்றுபோலக் காக்க வேண்டும். சரிவில் இருப்பவரைக் காவாத எந்த ஏற்பாடும் உச்சியில் இருப்பவரையும் நெடுநாள் காவாது. கொசுவுக்கும் கிருமிக்கும் மேல்லயன் கீழ்லயன் என்ற வேற்றுமை தெரியாது. வருகிற கோடைக்குள் இவ்வட்டாரத்தின் நான்கைந்து மருந்தகங்களிலேனும் காய்ச்சல் பேரேடு தொடங்கிவிடுமானால், இவ்வறக்கட்டளை யாருடைய நினைவாக அமைந்ததோ அப்பெரியவருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி அதுவே ஆகும்.